ஊருக்கு மேலே காற்றாலை: கையெழுத்து எடின்பரோவுடையதா, லண்டனுடையதா?

கேள்வி: வட ஸ்காட்லாந்தின் சதர்லாந்து பகுதியில் ஒரு சிற்றூரில் மருத்துவராக இருக்கிறேன். போன வருடம் எங்கள் ஊர் கம்யூனிட்டி கவுன்சிலுக்கு என்னையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஊருக்கு மேலே உள்ள மேட்டில் 14 காற்றாலைகள் அமைக்க ஒரு நிறுவனம் திட்டத்தோடு வந்திருக்கிறது. ஒவ்வொன்றும் 6.6 மெகாவாட், இறக்கை நுனிவரை 200 மீட்டர் உயரம். கூட்டத்தில் ஒருவர், "எடின்பரோ ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று, நாம் பேசிப் பயனில்லை" என்கிறார். இன்னொருவர், "எல்லாம் லண்டன் கையில்" என்கிறார். மூன்றாமவர், "சுதந்திரம் வரட்டும், அப்போது காற்றின் காசு நமக்கே; அதுவரை எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது" என்கிறார். மெகாவாட்டுக்கு வருடம் 5,000 பவுண்டு ஊருக்குத் தருவதாக நிறுவனம் சொல்கிறது. யார் சொல்வது சரி? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

மூவர் சொல்வதிலும் ஆளுக்குக் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் உங்கள் கூட்டம் முடியாமல் இழுக்கிறது. ஒரு காற்றாலைத் திட்டம் எழும்ப மூன்று கையெழுத்து வேண்டும்: மண்ணுக்கு ஒன்று, விலைக்கு ஒன்று, கம்பிக்கு ஒன்று. 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம் முதல் கையெழுத்தை எடின்பரோவுக்குக் கொடுத்தது. மற்ற இரண்டும் லண்டனிடமே தங்கிவிட்டன. அந்தச் சட்டத்தின் 5ஆவது அட்டவணைப்படி மின்சாரத்தை உற்பத்தி செய்வது, கடத்துவது, பகிர்வது, விற்பது எல்லாமே வெஸ்ட்மின்ஸ்டருக்கு, அதாவது லண்டன் நாடாளுமன்றத்துக்கு, ஒதுக்கப்பட்டவை. நிலத் திட்டமிடல் அந்தப் பட்டியலில் இல்லை; பட்டியலில் இல்லாதது ஹோலிரூட்டுக்கு, அதாவது எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குச் சேரும்.

மண்ணிலிருந்து தொடங்குவோம். உங்கள் திட்டம் 14 × 6.6 = 92.4 மெகாவாட். நிலத்தில் 50 மெகாவாட்டுக்கு மேல் என்றால் விண்ணப்பம் மீதான முடிவு உங்கள் வட்டார நிர்வாகமான ஹைலேண்ட் கவுன்சிலுக்குப் போகாது. ஸ்காட்டிஷ் அமைச்சர்களுக்காக எனர்ஜி கன்சென்ட்ஸ் யூனிட் அதைக் கையாளும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த ஒப்புதல் 1989ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 36ஆம் பிரிவின் கீழ் தரப்படுவது. அது வெஸ்ட்மின்ஸ்டரின் சட்டம். எடின்பரோ அமைச்சர்கள் அதில் கையெழுத்துப் போடலாம். சட்டத்தின் வாசகத்தைத் தாங்களாகத் திருத்த முடியாது.

அந்தக் கையெழுத்தே எவ்வளவு பெரியது என்பதற்கு எல்லைக்குத் தெற்கே பாருங்கள். 2015 ஜூனில் இங்கிலாந்தில் திட்டமிடல் விதியை இறுக்கி, நிலக் காற்றாலைகளை ஏறக்குறைய நிறுத்தியே விட்டார்கள். 2024 ஜூலையில்தான் அது நீங்கியது. அந்த ஒன்பது ஆண்டும் ஸ்காட்லாந்தில் ஒப்புதல்கள் தொடர்ந்து வந்தன. அதே நாடு, அதே பிரதமர், அதே காற்று. திட்டமிடல் அதிகாரம் மட்டும் வேறு கையில். தன்னாட்சி புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு என்ன செய்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

"எடின்பரோ முடிவு செய்தாயிற்று" என்பது மட்டும் தவறு. 2023 பிப்ரவரியில் வந்த நான்காம் தேசியத் திட்டமிடல் கட்டமைப்பு, 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகளைத் தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று வகைப்படுத்தியது உண்மை. "காட்சி கெடும்" என்ற ஒற்றை வாதம் இப்போது முன்போல் எடுபடாது. சதர்லாந்தில் எடுபடும் வாதம் காலுக்கு அடியில் இருக்கிறது: பீட் எனப்படும் சதுப்புக் கரிமண். 50 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் இருந்தால்தான் அது பீட் என்று கணக்கு. ஒரு மீட்டரைத் தாண்டினால் ஆழ்பீட். உங்கள் பகுதியின் பீட் நிலப்பரப்பான ஃப்ளோ கன்ட்ரி 2024இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாகவே அறிவிக்கப்பட்டது. நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் தாள், பீட் ஆழ அளவீட்டு வரைபடம். முதல் சுற்றில் 100 மீட்டருக்கு ஒரு புள்ளியாகக் கம்பி இறக்கி அளப்பார்கள். வரைபடம் அந்த நிலையிலேயே நின்றுபோய், பாதைகளும் அடித்தளங்களும் வரும் இடங்களில் நெருக்கமாக அளக்காமல் விட்டிருந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். பிற்பாடு வரும் தகராறுகளில் பாதிக்கு இந்த இடைவெளிதான் காரணம்: அடித்தளம் தோண்டும்போது எதிர்பார்த்ததைவிட ஆழம் கிடைக்கும், எடுத்த பீட்டைக் கொட்ட இடம் இருக்காது, குவித்து வைத்தால் சரியும்.

இன்னொன்று, 200 மீட்டர் உயரம். 150 மீட்டரைத் தொட்டாலே விமானங்களுக்கான சிவப்பு எச்சரிக்கை விளக்கு வேண்டும். விமானப் போக்குவரத்து லண்டனுக்கு ஒதுக்கப்பட்ட பொருள். ஆகவே கோபுரம் எங்கே நிற்கலாம் என்று எடின்பரோ சொல்லும். அதன் உச்சியில் இரவில் எரியும் விளக்கின் விதி லண்டனில் இருந்து வரும். எல்லாக் கோபுரத்திலும் விளக்கு வேண்டுமா, வானம் தெளிவாக இருக்கும்போது ஒளியைக் குறைக்க முடியுமா என்பதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. இருட்டுக்குப் பழகிய ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் பல ஊர்கள் கோபுரம் ஏறிய பிறகே இதைக் கவனிக்கின்றன.

உங்கள் கருத்தைப் பதிவு செய்ய, கடைசிப் பொது அறிவிப்பு வந்த நாளிலிருந்து குறைந்தது 30 நாள் கிடைக்கும். கம்யூனிட்டி கவுன்சில் மாதம் ஒருமுறைதான் கூடும் என்றால் அந்த 30 நாள் பறந்துவிடும். இப்போதே ஒரு சிறு குழுவை அமைத்து, பதில் அனுப்பும் அதிகாரத்தைத் தீர்மானமாக அதற்குக் கொடுத்துவிடுங்கள். ஹைலேண்ட் கவுன்சில் முறைப்படி ஆட்சேபித்தால் பொது விசாரணை கட்டாயம் என்பது நீண்டகால விதி. அந்த விதியைத் தளர்த்தும் சட்டமாற்றம் நடந்திருப்பதால், உங்கள் விண்ணப்பத்துக்கு எது பொருந்தும் என்று எனர்ஜி கன்சென்ட்ஸ் யூனிட்டிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அந்தப் பதிலில் 5,000 பவுண்டைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஊருக்கு வரும் பணம் திட்டமிடல் முடிவில் கணக்கில் எடுக்கத்தக்கதல்ல. "பணம் தருகிறார்கள், அதனால் ஆதரிக்கிறோம்" என்று எழுதினால் உங்கள் கடிதத்தின் மதிப்பே குறையும். "போதாது, அதனால் எதிர்க்கிறோம்" என்றாலும் அப்படியே. பணப்பேச்சு வேறு மேசை, வேறு கோப்பு. முடிந்தால் வேறு ஆட்கள்.

அடுத்தது விலை. ஒருகாலத்தில் எடின்பரோவுக்கு இதிலும் ஒரு கை இருந்தது. 2002இல் தொடங்கிய, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மானியமாகச் சான்றிதழ் தரும் திட்டத்தில் எந்தத் தொழில்நுட்பத்துக்கு எத்தனை சான்றிதழ் என்று ஸ்காட்டிஷ் அமைச்சர்களே நிர்ணயிக்க முடிந்தது. கடலலை மின்சாரத்துக்கு ஒரு மெகாவாட்-மணிக்கு 5, கடல் நீரோட்டத்துக்கு 3 என்று கொடுத்தார்கள். இங்கிலாந்து இரண்டுக்கும் 2 தந்த காலம் அது. ஆர்க்னியில் கடல் ஆற்றல் பரிசோதனைகள் அத்தனை மும்முரமாக நடந்ததில் இதற்கும் பங்கு உண்டு. 2013ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் வந்ததும் அந்தக் கை போனது. பிறகு நிலக் காற்றாலைகளுக்கான சான்றிதழ் திட்டத்தை ஓராண்டு முன்கூட்டி, 2016இலேயே லண்டன் மூடியது. அடுத்த ஏலங்களில் அவற்றைச் சேர்க்கவும் இல்லை. சேர்த்தது 2022இல் முடிவு வந்த நான்காம் சுற்றில்தான். எடின்பரோ ஒப்புதல் கொடுத்துக்கொண்டே இருந்தது, ஒப்புதல் பெற்றவை கட்ட வழியில்லாமல் நின்றன. பெற்ற ஒப்புதல் பாதி வேலை என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும்.

இப்போது இருப்பது சிஎஃப்டி ஏலம்: வென்றவருக்கு ஒரு நிலையான விலையை உறுதி செய்யும் ஒப்பந்தம். 2024 ஏலத்தில் நிலக் காற்றாலைக்கு விழுந்த விலை, 2012ஆம் ஆண்டு விலைமட்டத்தில் மெகாவாட்-மணிக்கு 50.90 பவுண்டு. சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால் வித்தியாசத்தைப் பிரிட்டன் முழுவதும் உள்ள மின்கட்டணங்கள் ஈடுகட்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; சுதந்திரப் பேச்சு வரும்போது தேவைப்படும்.

கம்பிதான் உண்மையான சிக்கல். தமிழ்நாட்டில் மின்வாரியத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும்: இங்கே உயர்மின் கம்பிகள் தனியார் நிறுவனங்களுக்குச் சொந்தம், வடக்கே எஸ்எஸ்இஎன் டிரான்ஸ்மிஷன். அவர்கள் எவ்வளவு செலவழிக்கலாம், யாரிடம் வசூலிக்கலாம் என்று லண்டனில் உள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் தீர்மானிக்கிறது. 132 கிலோவோல்ட் கம்பி இங்கிலாந்தில் பகிர்மானம், ஸ்காட்லாந்தில் கடத்தல். ஒரே அளவு காற்றாலை, ஒரே மின்னழுத்தம், ஆனால் வடக்கே கட்டியவர் கடத்தல் கட்டணம் கட்ட வேண்டும். நுகர்வோருக்குத் தூரமாக இருப்பதால் அந்தக் கட்டணமும் வடக்கே போகப் போக ஏறும்.

வைக்கிங் காற்றாலையைப் பாருங்கள். ஷெட்லாந்தில் 103 கோபுரம், 443 மெகாவாட். எடின்பரோ 2012இல் ஒப்புதல் தந்தது. நீதிமன்ற வழக்கு 2015இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பெருநிலத்துக்கு 600 மெகாவாட் கடலடிக் கம்பி இல்லாமல் ஒரு யூனிட்டும் வெளியே போகாது. அந்தக் கம்பிக்கு ஆஃப்ஜெம் 2020இல்தான் சம்மதித்தது. மின்சாரம் முழுவீச்சில் ஓடியது 2024 ஆகஸ்டில். தன்னாட்சியின் கையெழுத்துக்கும் மின்சாரத்துக்கும் இடையே 12 ஆண்டு. ஓடத் தொடங்கிய பின்னும் வடக்கின் கம்பிகளில் இடமில்லாமல் பல மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. எல்லை தாண்டித் தெற்கே போகும் வழி அவ்வளவு குறுகல். பீட்டர்ஹெட்டிலிருந்து டிராக்ஸுக்கும் டார்னஸிலிருந்து ஹாத்தார்ன் பிட்டுக்கும் தலா 2 கிகாவாட் கடலடிக் கம்பிகள் போடுகிறார்கள். இரண்டுக்கும் இலக்கு 2029. மின்கம்பி வலையை இயக்கும் அமைப்பு நேசோ. உங்கள் நிறுவனத்திடம், "நேசோவின் இணைப்பு வரிசையில் உங்கள் தேதி என்ன, எந்தத் துணை மின்நிலையம்?" என்று கேளுங்கள். தேதி 2030களின் நடுவில் இருந்தால், ஊருக்கு வரும் பணமும் அப்போதுதான் தொடங்கும்.

இனி உங்கள் மூன்றாமவர். 2014 செப்டம்பர் 18 வாக்கெடுப்பில் 55.3 சதவீதம் வேண்டாம் என்றது. ஹோலிரூட் தானாக இன்னொரு வாக்கெடுப்புக்குச் சட்டம் போட முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் ஒரு காற்றாலையின் ஆயுள் 30, 35 ஆண்டு. அதற்குள் அரசியல் மாறாது என்று யாரும் எழுதித் தர முடியாது, ஆகவே அவருடைய கேள்வி நியாயமானது.

சுதந்திரம் வந்தால் சில கதவு திறக்கும். கடத்தல் கட்டணத்தை எடின்பரோவே நிர்ணயிக்கலாம். ஊருக்குப் பங்கு தருவதைக் கட்டாயச் சட்டமாக்கலாம். இன்று அந்த 5,000 பவுண்டு வெறும் நல்லெண்ண வழக்கம், ஏனென்றால் கட்டாயமாக்கும் அதிகாரம் ஹோலிரூட்டிடம் இல்லை. டென்மார்க் 2009இல் அப்படிச் செய்தது: 4.5 கிலோமீட்டருக்குள் வாழ்பவர்களுக்கு முன்னுரிமை தந்து, உள்ளூர்க்காரர்களுக்கு 20 சதவீதப் பங்கை விலைக்குத் தர முன்வந்தே ஆக வேண்டும் என்றது. 2020இல் அதைக் கைவிட்டு ஆண்டுத் தொகை முறைக்கு மாறியது. கடற்படுகையைப் பொறுத்தவரை சுதந்திரமே தேவைப்படவில்லை: 2016 சட்டத்தால் 2017இல் அரச சொத்தான கடற்படுகையை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட் ஸ்காட்லாந்து தனியானது, 2022 ஜனவரியில் காற்றாலைகளுக்குக் கடற்படுகையைக் குத்தகைக்கு விட்ட ஸ்காட்விண்ட் சுற்றில் 17 திட்டங்களுக்கு ஏறக்குறைய 70 கோடி பவுண்டு எடின்பரோ கருவூலத்துக்கு வந்தது. வேல்ஸுக்கு இன்னும் அந்த உரிமை இல்லை. ஆனால் சதுர கிலோமீட்டருக்கு 1,00,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்ததும் எடின்பரோதான். மலிவாக விற்றுவிட்டார்கள் என்ற விமர்சனத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. அதிகாரம் கையில் வந்ததும் நல்ல விலை தானாக வந்துவிடவில்லை.

மறுபக்கம் கணக்கு கடினம். 2022இல் ஸ்காட்லாந்தின் புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தி அதன் சொந்த நுகர்வின் 113 சதவீதத்துக்குச் சமம். மிச்சத்தைப் பெரும்பாலும் வாங்குவது இங்கிலாந்து. இன்று மானியச் சுமை பிரிட்டன் முழுவதும் பரவுகிறது. தனியாகப் பிரிந்தால் ஏறத்தாழ 55 லட்சம் பேர் உள்ள நாட்டின் மின்கட்டணத்தில் அது இறங்கும், அல்லது இங்கிலாந்தோடு பேரம் பேசிப் பகிர வேண்டும். வாங்குபவர் ஏறக்குறைய ஒருவரே என்றால் பேரம் யாருக்குச் சாதகம் என்று சொல்லத் தேவையில்லை. வட்டியும் இருக்கிறது. காற்றாலையில் எரிபொருள் செலவு இல்லை, ஏறக்குறைய எல்லாமே முதலீடு. மெகாவாட்டுக்கு 15 லட்சம் பவுண்டு, 25 ஆண்டு, முழுத் திறனில் 38 சதவீத உற்பத்தி என்று வையுங்கள்: வட்டி 6இலிருந்து 7 சதவீதமானால் மெகாவாட்-மணிக்கு ஏறக்குறைய 3.40 பவுண்டு செலவு கூடும். புதிய நாடு, புதிய நாணயம் என்றால் கடன் கொடுப்பவர் அந்த ஒரு சதவீதத்தைக் கேட்காமல் இருக்க மாட்டார்.

எல்லை தாண்டிய மின்சந்தை நடக்காத காரியம் என்று பயமுறுத்துவோரும் உண்டு. அது பொய். அயர்லாந்துத் தீவில் இரண்டு அரசுகளின் கீழ் 2007 நவம்பரிலிருந்து ஒரே மின்சந்தை நடக்கிறது. வடக்கு அயர்லாந்துக்கு மின்சாரத்தில் ஸ்காட்லாந்தைவிட முழுமையான அதிகாரம் இருக்கிறது. ஆனால் 2017க்குள் பழைய சான்றிதழ் திட்டம் மூடியபின் ஸ்டார்மண்ட், அதாவது வடக்கு அயர்லாந்து அரசு, மாற்றுத் திட்டம் எதையும் கொண்டுவரவில்லை. 2017 முதல் 2020 வரையும், 2022 முதல் 2024 வரையும் அந்த அரசே இயங்கவில்லை. ஸ்காட்லாந்துக் காற்றாலைகள் லண்டன் ஏலத்தில் விலை பெற்ற நேரத்தில், அங்கே புதிய காற்றாலைகள் பெரும்பாலும் காத்திருந்தன.

ஆகவே கையெழுத்தைத் தள்ளிப்போடுவதில் ஊருக்கு லாபம் இல்லை. ஒப்புதல் வந்த பிறகு பேரம் பேசும் பலம் உங்களிடம் குறையும், கூடாது. எந்தக் கொடி பறந்தாலும் செல்லும்படி ஒப்பந்தத்தை எழுதிக்கொள்வதே வேலை.

92.4 மெகாவாட்டுக்கு 5,000 என்றால் வருடம் 4,62,000 பவுண்டு. கேட்கப் பெரிய தொகை. 38 சதவீத உற்பத்தியில் வருடம் ஏறக்குறைய 3,07,600 மெகாவாட்-மணி. 55 பவுண்டு விலை என்றால் 1.69 கோடி பவுண்டு வரவு. உங்களுக்குத் தருவது அதில் 2.7 சதவீதம். ஹைலேண்ட் கவுன்சிலின் சமூக மதிப்புச் சாசனம் கேட்பது இதைவிட அதிகம். பேச்சை 5,000இல் தொடங்க வேண்டாம். விலைவாசிக் குறியீட்டோடு உயரும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 3 சதவீத விலையேற்றத்தில் முப்பதாம் ஆண்டு 5,000 பவுண்டின் மதிப்பு இன்றைய 2,060 பவுண்டுதான்.

தொகையை நிறுவப்பட்ட மெகாவாட்டோடு கட்டுங்கள். உற்பத்தியோடு கட்ட வேண்டாம். கம்பியில் இடமில்லை என்று நேசோ நிறுத்தச் சொன்னால் பெரிய காற்றாலைக்கு ஈடு கிடைக்கும், உற்பத்தி அளவில் பங்கு வாங்கும் ஊருக்குக் கிடைக்காமல் போகலாம். சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் நேரங்களில் புதிய சிஎஃப்டி ஒப்பந்தங்களில் ஈட்டுத்தொகையும் கிடையாது.

பங்குரிமையும் கேளுங்கள், கண்ணைத் திறந்துகொண்டு. லூயிஸ் தீவில் பாயின்ட் அண்ட் சாண்ட்விக் அறக்கட்டளை மூன்று கோபுரம், 9 மெகாவாட்டை முழுக்கத் தானே வைத்திருக்கிறது. மெகாவாட்டுக்கு 5,000 என்ற வழக்கத்தில் வரக்கூடிய 45,000 பவுண்டைவிடப் பல மடங்கு வருமானம். ஆனால் அது பழைய மானியக் காலத்தில், 2015இல் ஓடத் தொடங்கியது. அதோடு 2020 அக்டோபரில் ஸ்கைக்கும் ஹாரிஸுக்கும் இடையே கடலடிக் கம்பி அறுந்து, புதியது வரும்வரை மாதக்கணக்கில் அந்தத் தீவுகளின் காற்றாலைகள் வெளியே விற்க முடியாமல் இருந்தன. சொந்தக்காரருக்கு லாபத்தோடு இந்த நஷ்டமும் சொந்தம். உங்கள் திட்டத்தில் 10 சதவீதம் என்றால் முதலீடு ஏறக்குறைய 1.4 கோடி பவுண்டு. முக்கால்வாசி கடன் கிடைத்தாலும் ஊர் 35 லட்சம் திரட்ட வேண்டும். அதை ஆராய்ந்து பார்க்கும் செலவுக்கு லோக்கல் எனர்ஜி ஸ்காட்லாந்து நடத்தும் கேர்ஸ் திட்டத்தில் உதவி உண்டு. இப்போதைக்கு வாக்குறுதி வேண்டாம், பின்னர் விரும்பினால் வாங்கலாம் என்ற விருப்ப உரிமை போதும். அதில் முடிவெடுக்கும் அவகாசம் குறைந்தது ஆறு மாதம் இருக்கட்டும். நிதி முடியும் நேரத்தில் 30 நாள் கொடுத்தால் எந்த ஊராலும் பணம் திரட்ட முடியாது. அது தராமல் தருவது.

இவற்றில் எதிலும் கம்யூனிட்டி கவுன்சில் கையெழுத்திட வேண்டாம். பெரும்பாலான கம்யூனிட்டி கவுன்சில்களுக்குத் தனிச் சட்ட உருவம் இல்லை. உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் சிக்குவார்கள். வளர்ச்சி அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து அதன் பெயரில் ஒப்பந்தம் போடுங்கள். வழக்கறிஞர் செலவை நிறுவனத்திடமே கேட்கலாம், பொதுவாகத் தருவார்கள். வாசகத்தில் விடுபடக் கூடாதவை: காற்றாலை கைமாறினால் புதிய உரிமையாளரும் கட்டுப்பட்டவர்; பழைய கோபுரங்களை எடுத்துப் புதியவை நட்டால் தொகை புதிய மெகாவாட்டுக்கு; அரசமைப்போ ஒழுங்குமுறை அமைப்போ மாறினாலும் தொகை குறையாது; பவுண்டுக்குப் பதில் வேறு நாணயம் வந்தால் மாற்று விகிதம் எந்த நாளுடையது; இன்றைய விலைவாசிக் குறியீடு நின்றுபோனால் எதைப் பின்பற்றுவது. பின்னாளில் சட்டம் ஊர்ப்பங்கைக் கட்டாயமாக்கினால், இரண்டில் எது அதிகமோ அது உங்களுக்கு என்ற வரியையும் சேருங்கள். உங்கள் மூன்றாமவரின் நம்பிக்கைக்கு இந்த ஒரு வரியில் இடம் இருக்கிறது. அதை எழுதும் வேலையை அவரிடமே கொடுங்கள்.

கோபுரங்களை அகற்றும் பிணைத்தொகை ஒப்புதலின் நிபந்தனையாக வர வேண்டியது. அதை இந்த ஒப்பந்தத்தில் தேடாமல், 30 நாளுக்குள் அனுப்பும் கடிதத்தில் பீட், விளக்கு இரண்டுக்கும் அடுத்ததாக எழுதுங்கள்.